இணையவழிக் கல்வியை எதைக்கொண்டு அளப்பது?

(திண்டிவனத்தில் ஊராட்சி அன்பர்களும் பெற்றோரும் கல்லூரி மாணவரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசினர் கலைக் கல்லூரிகள் 1960களின் இறுதியில் தோன்றின. காலையில் பேருந்து ஏறிச் சென்று, மாலையில் வீடு திரும்பி, நம் பிள்ளைகள் பட்டம் பெறலாம் என்ற நிலையை அவை உண்டாக்கின. இன்று கல்லூரி இன்னும் ஒருபடி நெருங்கி வந்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் நடத்தும் பாடத்தை மரக்காணத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்கலாம். இவ்வரிய வசதியால் நம் பிள்ளைகள் அடைந்த பயன் யாது? அப்பயனை எதைக்கொண்டு அளப்பது? இவ்விரண்டையுமே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

இம்முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடி 2003இல் என்பிடெல் என்னும் திட்டத்தைத் தொடங்கின. 2014 முதல் தேர்வு நடத்திச் சான்றிதழும் வழங்கப்படுகிறது. 2017 ஜூலைத் திங்களில் மத்திய அரசின் ஸ்வயம் தளம் தொடங்கப்பெற்றது. இவற்றிற் சேர்ந்து பாடம் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோரே தேர்வுக் கட்டணம் செலுத்துவர். என்பிடெல் பாடங்களில் வாரந்தோறும் ஒப்படைக்கும் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண். மையத்திற்கு நேரிற் சென்று எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். ஒரு பருவத்துப் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே பயிலலாம் என 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. 2021இல் அதனை 40 விழுக்காடாக உயர்த்தியது. ஆகவே இஃது ஓய்வு நேரத்து வேடிக்கையன்று. பட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. இதில் தவறினால் பிள்ளைகளின் மதிப்பெண் குறையும், ஆண்டும் வீணாகலாம்.

நிற்க. நம் தவறு ஒன்றை இங்கு மறைக்காமற் கூறல் வேண்டும். முன்பு நாம் பணியாற்றிய வட்டாரம் ஒன்றில், கல்லூரி செல்லும் பிள்ளைகளை இத்தகைய பாடங்களிற் சேர்க்க ஊர்தோறும் முகாம் நடத்தினோம். சேர்ந்தோர் பெயர்களை எழுதினோம், தொகையை மேலிடத்திற்கு அனுப்பினோம், பாராட்டும் வந்தது. சில திங்கள் கழித்து, உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகளைச் சந்தித்தோம். "பாடம் முடிந்ததா, அம்மா?" என்று வினவினோம்.

"மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டது, ஐயா. வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அண்ணன் அதை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார். இரவு அவர் வந்த பிறகு பார்ப்பேன். சில நாள் அவர் வருவதற்குள் ஒப்படைக்கும் நேரம் கடந்துவிடும்" என்றாள் அப்பெண்.

நாம் அனுப்பிய கணக்கில் அவள் வெற்றிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டிருந்தாள்! அன்று நமக்கு ஏற்பட்ட நாணத்திற்கு அளவில்லை.

இப்பாடத்தை வளர்ச்சித் துறையினராகிய நாம் புதிதாகக் கற்கவேண்டியதே இல்லை. 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே, அதன் பயனை ஆராய்வதற்கெனத் திட்ட மதிப்பீட்டு நிறுவனமும் அதே திங்களில் அமைக்கப்பட்டது. 1957இல் பல்வந்தராய் மேத்தா குழு, இத்திட்டத்தில் மக்கள் தம் பங்கை எவ்வளவு ஏற்றனர் என்று ஆராய்ந்தது. வெட்டிய கிணறுகளின் தொகை வேறு. அவற்றால் விளைந்த நிலத்தின் பரப்பு வேறு. சேர்ந்தோர் தொகை வெட்டிய கிணறு. கற்று முடித்த கல்வியே விளைச்சல்.

பிற நாட்டு அனுபவமும் இதுவே. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் பாடங்களைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. 2017-18ஆம் ஆண்டிற் சேர்ந்தோருள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே முடித்தனர். கட்டணம் செலுத்திச் சான்றிதழ் நாடியோருள் 46 விழுக்காட்டினர் முடித்தனர். கட்டணமே கல்வியைத் தந்தது என்று இதற்குப் பொருளில்லை. முடிக்கும் உறுதியும் வசதியும் உடையோரே பணம் கட்ட முன்வந்திருக்கலாம். கதவு எல்லோர்க்கும் திறந்திருப்பினும், உள்ளே சென்று இறுதிவரை தங்குவதற்கு வேறு துணையும் வேண்டும் என்பது தெளிவு.

தொற்றுநோய்க் காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நாள்தோறும் 2 ஜி.பி. இணையத் தரவை ஏறத்தாழ 9.69 இலட்சம் கல்லூரி மாணவர்க்கு விலையின்றி வழங்கத் தமிழக அரசு திட்டமிட்டது. தக்க காலத்து உதவியே அது. ஆயினும் தரவு இருந்தாற் போதாது. கருவி, இடம், நேரம், ஐயம் தீர்ப்போர் ஆகிய நான்கும் உடன் வேண்டும்.

ஆதலின் மதிப்பீடு செய்வோர் ஐந்து கேள்விகளைக் கேட்கவேண்டும் என்பது நம் கருத்து. முதலாவது, சேராதவர் யார், ஏன்? இரண்டாவது, சேர்ந்தவர் எந்த வாரத்தில் நின்றார்? மூன்றாவது, கைப்பேசியும் நேரமும் அவருக்கே உரியனவா, இரவலா? நான்காவது, பாடத்தின் மொழி விளங்கிற்றா? தமிழில் மொழிபெயர்ப்பு இருப்பின் அதனை அவர் அறிவாரா? ஐந்தாவது, தேர்வு எழுதினாரா, கற்றதைக்கொண்டு ஒரு வேலையைத் தாமே செய்ய வல்லவரானாரா? இவற்றை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கேட்டால்தான் உண்மை புலப்படும்.

இதில் கிராமத்தின் கடமையும் உண்டு. மாலையில் இரண்டு மணி நேரம் ஊராட்சிக் கட்டடத்தையோ நூலகத்தையோ பிள்ளைகளுக்குத் திறந்து வைக்கலாம். மூத்த மாணவர் ஒருவர் உடனிருந்து ஐயம் தீர்க்கலாம். பயிற்சிகளை ஒப்படைக்கும் இறுதி நாட்களை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். பெண் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு திரும்ப வழி செய்யவேண்டும். வீட்டில் கைப்பேசி ஒன்றே எனில், படிக்கும் பிள்ளைக்கு அதில் ஒரு மணி நேரத்தைப் பெற்றோர் ஒதுக்கித் தரவேண்டும். அவ்வுரிமை மகனுக்கும் மகளுக்கும் சமமாக இருத்தல் வேண்டும். கல்லூரி ஆசிரியர்கள் இப்பாடங்களைத் தம் வகுப்புக்குப் போட்டியாகக் கருதாமல், வாரம் ஒருமுறை அவற்றைப் பற்றி மாணவரோடு உரையாடினால் பயன் பெருகும்.

முன்னர்க் கூறிய பெண் அடுத்த பருவத்தில் மீண்டும் பாடத்திற் சேர்ந்தாள். ஊர் நூலகத்தில் இருந்த கணினியை மாலையில் அவளும் தோழியரும் பயன்படுத்த ஊரார் இசைந்தனர். இம்முறை சேர்ந்த நாளோடு நாம் நின்றுவிடவில்லை. வாரந்தோறும் அவள் ஒப்படைத்ததையும் குறித்துவந்தோம். "பன்னிரண்டில் பத்துப் பயிற்சி கொடுத்துவிட்டேன், ஐயா, தேர்வுக்கும் பணம் கட்டிவிட்டேன்" என்று அவள் கூறிய நாளில், மேலிடத்துப் பாராட்டினும் மிக்க மகிழ்ச்சி எய்தினோம்.

அன்பர்களே! உங்கள் ஊரில் எத்தனை பேர் சேர்ந்தனர் என்று எவரேனும் கேட்டால், எத்தனை பேர் முடித்தனர், முடியாதவர் ஏன் நின்றனர் என்பதையும் சேர்த்தே கூறுங்கள். அக்கணக்கை எழுதத் தொடங்கும் ஊர், தன் பிள்ளைகளைக் கைவிடாது.