மூணாவது முட்டை



நான் பெரிய பேச்சாளர் இல்லை. போன வருஷம் எனக்கு நடந்ததைப் பேசச் சொன்னாங்க, சொல்றேன்.

எனக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சதும் எங்க குழுவில் எட்டுப் பேர் சேர்ந்து காலையில் நடக்க ஆரம்பிச்சோம். எனக்கு எதிலும் அவசரம். மூணாம் நாளே ஏரிக்கரையில் ஓடினேன், டிவியில் பார்த்த மாதிரி ஐம்பது தடவை உட்கார்ந்து எழுந்தேன். வந்த வேகத்தில் ரெண்டு குடம் தண்ணி தூக்கி வச்சிட்டு, வெறும் டீயோட வேலைக்குப் போயிட்டேன். அன்னிக்கு ஒண்ணும் தெரியலை. மறுநாள் தொடை கல்லு மாதிரி இறுகிப் போச்சு. வெறும் வயித்துல வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு மறுபடியும் ஓடினேன். கெண்டைக்கால் சதை இழுத்து அங்கேயே உட்கார்ந்துட்டேன். பத்து நாள் கூலி போச்சு. அந்த மாசத் தவணையை எங்க குழுவில்தான் போட்டுக் கட்டினாங்க. அதை நான் மறக்கலை.

அப்போ பக்கவாதம் வந்த எங்க மாமியாருக்குப் பயிற்சி கொடுக்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல ஒரு பிசியோதெரபிப் பொண்ணு வீட்டுக்கு வரும். 2021-ல் ஆரம்பிச்ச திட்டம். நம்ம குழுப் பெண்கள்தானே அதுல தன்னார்வலரா வீடு வீடாப் போறாங்க. அந்தப் பொண்ணு என் காலைப் பார்த்துட்டு முதல்ல கேட்டது, “ராத்திரி என்னக்கா சாப்பிட்டீங்க?”

மிச்சம் இருந்த சோறும் ரசமும்தான். ரெண்டு முட்டை வேகவச்சேன். ஒண்ணு அவருக்கு, ஒண்ணு பையனுக்கு. இப்போ சிரிக்கிறவங்க வீட்டிலயும் அதே கதைதான்னு எனக்குத் தெரியும்.

பயிற்சியில் சதை கொஞ்சம் நைஞ்சு, அது ஆறும்போதுதான் பலப்படுமாம். ஆறுறதுக்குப் புரதம், தண்ணி, தூக்கம் வேணும். பழகாத பயிற்சி செஞ்சா வலி மறுநாள்தான் வரும், ரெண்டு மூணு நாள் இருக்கும். அதுக்குப் படுத்தே கிடக்க வேண்டாம், ஓடவும் வேண்டாம், மெதுவா நடந்தாப் போதும்னு சொல்லிச்சு.

இப்போ கடைசி அஞ்சு நிமிஷம் வேகத்தைக் குறைச்சு நடந்துதான் நிறுத்துறேன். வந்ததும் தண்ணி, மோர். தள்ளிப் போடாம சாப்பாடு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கு. சாப்பிடாதவங்களுக்குச் சுண்டல், பாசிப்பயறு, வேர்க்கடலை. சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுக்கிறவங்க முந்தானையில் ஒரு மிட்டாய் முடிஞ்சுக்கோங்க, படபடப்பு வந்தா உதவும். சீரியல் பார்த்துட்டுப் பதினோரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தா உடம்பு எப்படி ஆறும்?

சுளுக்கி வீங்கினா அன்னிக்கே தைலம் போட்டு உருவாதீங்க. துணியில் ஐஸைச் சுத்தி கால் மணி நேரம் வையுங்க. சதை வலியோட சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, நெஞ்சு அடைச்சாலோ உடனே ஆஸ்பத்திரி.

மூணாவது முட்டைக்கு வீட்டில் முதல்ல முனகல்தான். “பத்து நாள் கூலியைக் கணக்குப் போடுங்க”ன்னேன். இப்போ அவரே எண்ணி வாங்கிட்டு வர்றார்.

நடக்க வர்றவங்க காலை அஞ்சரைக்கு ரேஷன் கடை முன்னாடி வந்துடுங்க.