ஸ்கேன் எப்போ எடுக்கணும்?

(ஸ்ரீரங்கம் பகுதி மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



போன மாசம் எங்க குழுவில் ஓர் உறுப்பினர் உள்கடன் கேட்டாங்க. வீட்டுக்காரருக்கு ரெண்டு நாளா இருமல், நெஞ்சு ஸ்கேன் எடுக்கணும்னு சொன்னாங்க. டாக்டர் எழுதிக் கொடுத்தாரான்னு கேட்டேன். இல்லை, பக்கத்து வீட்டில் சொன்னாங்களாம். அதனால்தான் இன்னிக்கு என் வீட்டுக் கதையைச் சொல்றேன்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலை. ஊரடங்கு. கோயிலுக்குள் பக்தர்களுக்கு அனுமதி இல்லாததால் எனக்குப் பூக்கட்டும் வேலையும் இல்லை. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. சளிப் பரிசோதனை முடிவு வர நாளாகும், சி.டி. ஸ்கேன் எடுத்தா உடனே தெரிஞ்சிடும்னு சொன்னாங்க. குழுவில் 5,000 ரூபாய் கடன் வாங்கி, ரெண்டாம் நாளே காவிரிப் பாலம் தாண்டிப் போய் எடுத்தோம். நுரையீரல் நல்லா இருக்குன்னு வந்தது. அப்போ கொரோனா இல்லைன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். சளிப் பரிசோதனைக்குப் போகலை. அவர் எப்பவும் போல அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஏழாம் நாள் அவருக்கு மூச்சு வாங்கியது. காய்ச்சல் கணக்கெடுக்க வந்த பெண் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தாங்க. 88 காட்டியது. புத்தூர் அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். ஆக்சிஜன் வைத்து அவர் பிழைத்தார். அவரிடமிருந்து நோய் தொற்றிய என் மாமியார் பிழைக்கவில்லை.

ஸ்கேன் மேல் தப்பில்லை. நாங்க புரிஞ்சுக்கிட்டதுதான் தப்பு. பிறகு டாக்டர் விளக்கினார். கிருமி இருக்கா என்பதைச் சொல்வது சளிப் பரிசோதனை. நுரையீரல் எவ்வளவு பாதிச்சிருக்கு என்பதைக் காட்டுவது ஸ்கேன். நிமோனியா வந்த இடம் பனி படிந்த கண்ணாடி மாதிரி வெள்ளையாகத் தெரியும். நுரையீரலின் 5 பகுதிகளுக்கும் 5, 5 மதிப்பெண், மொத்தம் 25. முதல் சில நாட்களில் பலருக்கு ஒன்றுமே தெரியாது. வேறு வைரஸ் நிமோனியாவும் அதே மாதிரி தெரியலாம்.

சீனாவில் வூகான் நகரம் உள்ள ஹூபே மாகாணத்தில் 2020 பிப்ரவரியில் ஸ்கேனை வைத்தும் நோயாளிகளைக் கணக்கில் சேர்த்தார்கள். பரிசோதனை வசதி போதாத நெருக்கடி நேரம் அது. நம் நாட்டில் 2021 மே மாதம் எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரந்தீப் குலேரியா, லேசான நோய்க்கு ஸ்கேன் வேண்டாம் என்றார். ஒரு ஸ்கேன் 300 முதல் 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்றும் சொன்னார். அது பழைய கணக்கு என்று கதிரியக்க மருத்துவர்கள் மறுத்தார்கள். ஆனாலும் எக்ஸ்ரேயைவிட ஸ்கேனில் கதிர்வீச்சு அதிகம்தான். கர்ப்பிணிகள் அவசியம் முன்கூட்டியே சொல்லணும்.

அதுக்காக ஸ்கேனே வேண்டாம்னு நான் சொல்லலை. மூச்சுத்திணறல் கூடினால், ஆக்சிஜன் குறைந்தால், டாக்டர் சொன்னால் தயங்காமல் எடுங்க. "இதைப் பார்த்து வைத்தியம் மாறுமா?"ன்னு டாக்டரிடம் கேளுங்க, கேட்பதில் வெட்கம் இல்லை.

எங்க குழுப் பணத்தில் ஒரு ஆக்சிமீட்டர் வாங்கி என் வீட்டில் வைத்திருக்கிறோம். காய்ச்சலும் இருமலும் வந்தால் ராத்திரியானாலும் கதவைத் தட்டுங்க. விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் அளவு தப்பாகக் காட்டலாம். அது இல்லாத விரலில் பாருங்க. 94-க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒவ்வொரு குழுவும் இப்படி ஒன்று வாங்கி வைக்கணும்னு கேட்டு முடிக்கிறேன்.