குறியிட்ட அணுக்கள்

நம் ஊர்களில் வெளுக்கப் போடும் துணியின் ஓரத்தில் சலவைத் தொழிலாளர் ஒரு குறி இடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. சேங்கொட்டைச் சாற்றினால் இட்ட அக்குறி, எத்தனை முறை வெள்ளாவியில் வைத்தாலும், எத்தனை முறை கல்லில் அடித்துத் துவைத்தாலும் அழிவதில்லை. நூறு வீட்டு வேட்டிகள் ஒரே வெள்ளாவியில் கலந்து கிடந்தாலும், குறியைக் கண்டு, இது இன்னார் வீட்டு வேட்டி என்று பிரித்து எடுத்துவிடலாம். வேட்டியை உடுத்துபவருக்கோ பெரும்பாலும் அக்குறியால் இடையூறு இல்லை.

இத்தகைய குறி ஒன்றை அணுவின்மீது இடக்கூடுமாயின், எத்தனையோ வினாக்களுக்கு விடை கிடைக்கும். வேர் உறிஞ்சிய உப்பு இலைக்குச் சென்றதா, அன்றி வேரிலேயே தங்கிவிட்டதா? நேற்று உண்ட உணவிலிருந்த பாஸ்பரம் இன்று எலும்பில் இருக்கிறதா, வெளியேறிவிட்டதா? அணுவுக்குக் குறியிடும் வழியைக் கண்டவர் ஜார்ஜ் டி ஹெவெசி என்னும் ரசாயன அறிஞர். 1885ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். அவ்வழி அவருக்குக் கிட்டியது ஒரு பெருந்தோல்வியின் பயனாக என்பதுதான் இதில் விந்தை.

1911ஆம் ஆண்டில் ஹெவெசி இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டருக்குச் சென்று ரதர்போர்டின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். ரேடியத்தைத் தந்த தாதுவிலிருந்து மிஞ்சிய காரீயம் அங்கே நூற்றுக்கணக்கான கிலோ கணக்கில் கிடந்தது. அதனுள் ‘ரேடியம் டி’ என்று அக்காலத்தில் வழங்கப்பட்ட கதிர்வீசும் பொருள் கலந்திருந்தது. காரீயத்தை நீக்கி, ரேடியம் டியைத் தனியே எடுத்துத் தருமாறு ரதர்போர்டு அந்த இளைஞரிடம் கூறினார். ஹெவெசி தமக்குத் தெரிந்த ரசாயன முறைகளையெல்லாம் கையாண்டு பார்த்தார். ஏறக்குறைய இரண்டாண்டு உழைத்தும் ஒரு சிறிதும் பிரிந்து வரவில்லை. பிரியாததற்குக் காரணம் உண்டு. ரேடியம் டி என்பது வேறொரு பொருளன்று; அதுவும் காரீயமே. எடையில் மட்டும் வேறுபட்டு, ரசாயன இயல்பில் ஒன்றாயிருக்கும் இத்தகைய அணுக்களைத்தான் இன்று நம் பாடநூல்கள் ஓரிடத்தான்கள் அல்லது ஐசோடோப்புகள் என்று கூறுகின்றன.

மற்றவராயின் மனமுடைந்து வேறு வேலை பார்த்திருப்பர். ஹெவெசியோ வினாவையே திருப்பிப் போட்டார். எந்த ரசாயன முறையாலும் பிரிக்க முடியாத பொருள் என்றால், காரீயம் செல்லும் இடமெல்லாம் அதுவும் உடன் செல்ல வேண்டுமல்லவா? அது வீசும் கதிரைக் கருவி காட்டிக் கொடுக்கும். ஆகவே காரீயம் எங்கே போயிற்று என்பதை அதைக் கொண்டே அறியலாம். அழியாத குறி கிடைத்துவிட்டது! 1913இல் வியன்னா நகரில் பானெத் என்ற அறிஞருடன் சேர்ந்து, நீரில் மிக மிகக் குறைவாகவே கரையும் காரீய உப்புகளின் கரைதிறனை இம்முறையால் அளந்து காட்டினார். தராசு தட்டுத் தடுமாறும் அளவுகளை மின்காட்டி எளிதாகச் சொல்லிற்று.

மான்செஸ்டரில் அவர் தங்கியிருந்த விடுதி அம்மையாரைப் பற்றியும் ஒரு கதை வழங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை விருந்தின் மிச்சத்தையே வாரம் முழுவதும் உருமாற்றிப் பரிமாறுகிறார் என்று ஹெவெசிக்கு ஐயம். ஒருநாள் தம் தட்டில் மிஞ்சிய உணவில் கதிர்வீசும் பொருளைச் சிறிதளவு சேர்த்துவைத்தார். சில நாள் கழித்து வந்த பண்டத்தின் அருகே மின்காட்டியை வைத்தபோது, குட்டு வெளிப்பட்டுவிட்டதாம். உணவில் இத்தகைய பொருளைச் சேர்ப்பதை இன்று எவரும் ஒப்பமாட்டார். அக்காலத்தில் அதன் தீங்கு முழுவதும் அறியப்படவில்லை.

1920இல் ஹெவெசி கோபன்ஹேகன் நகரில் நீல்ஸ் போரின் நிலையத்திற்கு வந்தார். அங்கே 1923இல் அவர் செய்த ஒரு பரிசோதனையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரைக் காரீய உப்புக் கரைசலில் நிறுத்தினார். அக்கரைசலில் கதிர்வீசும் காரீயம் சிறிது கலந்திருந்தது. அதன் வீரியம் பத்தரை மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஆகவே விரைந்து வேலை செய்தாக வேண்டும். குறித்த நேரம் கழிந்ததும் செடியை வேர், தண்டு, இலை என்று பகுத்து, ஒவ்வொன்றையும் எரித்து, சாம்பலின் கதிர்வீச்சை அளந்தார். காரீயத்தின் பெரும்பகுதி வேரிலேயே தங்கியிருந்தது. இலைவரை சென்றது மிகச் சொற்பம். காரீயம் உயிர்களுக்கு நஞ்சு என்பதை நாம் அறிவோம். ஆனால் செடியை நோகச் செய்யாத அத்துணைச் சிறிய அளவையும் அவரால் தொடர்ந்து செல்ல முடிந்தது. உயிருள்ள ஒன்றினுள் ஓர் அணுவின் பயணத்தைக் குறியிட்டுத் தொடர்ந்தது அதுவே முதன்முறை.

செடியில் பலித்தது விலங்கில் பலிக்கலாகாதா? அடுத்த ஆண்டே அறிஞர் இருவரோடு சேர்ந்து, மேகநோய்க்கு அக்காலத்தில் மருந்தாக வழங்கிய பிஸ்மத் உடலில் எவ்வாறு பரவுகிறது என்று ஆராய்ந்தார். ஆயினும் காரீயமும் பிஸ்மத்தும் உடலுக்கு அயலானவை. உடலின் சொந்தப் பொருள்களுக்குக் குறியிட வேண்டுமாயின் வேறு அணுக்கள் வேண்டும். 1934இல் ஜோலியோ-கியூரி தம்பதியர் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்தபோது அந்தக் கதவும் திறந்தது. ஜெர்மனியில் பிரைபர்க் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஹெவெசி, நாஜிகளின் ஆட்சி வந்தமையால் அவ்வாண்டில் பதவியை விட்டு மீண்டும் கோபன்ஹேகன் சேர்ந்திருந்தார்.

1935இல் கீவிட்ஸ் என்ற மருத்துவருடன் அவர் எலிகளுக்குக் குறியிட்ட பாஸ்பரத்தை உணவிற் கலந்து கொடுத்தார். வளர்ந்து முற்றிய உயிரின் எலும்பு, கட்டி முடித்த சுவரைப் போன்றது என்பதே பலருடைய எண்ணம். ஆனால் வளர்ந்த எலியின் எலும்பிலும் புதிய பாஸ்பரம் போய் அமர்ந்தது. பழையது பெயர்ந்து வெளியேறியது. ஒருபுறம் கல் பெயர்க்கப்பட, மறுபுறம் கல் வைக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் சுவர் அது! அதற்கு முந்திய ஆண்டில் கனநீரைக் குறியாகக் கொண்டு, நாம் பருகும் நீரின் மூலக்கூறு ஒன்று உடலில் சராசரியாக ஏறக்குறைய 13 நாள் தங்குகிறது என்றும் அவர் கணக்கிட்டிருந்தார். நம் உடல் ஒரு பொருள் என்பதைவிட ஓர் ஆறு என்பதே பொருந்தும் போலும்.

இவரை ரசாயனி என்பதா, தாவரவியலார் என்பதா, மருத்துவ ஆராய்ச்சியாளர் என்பதா? எந்தப் பிரிவில் சேர்வது என்று கலங்கும் மாணவர்கள் இதைக் கருதிப் பார்க்கலாம். ஹெவெசி துறைவிட்டுத் துறை தாவியவர் அல்லர். எங்கே சென்றது, எவ்வளவு நேரம் தங்கிற்று என்னும் ஒரே வினாவைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் கேட்டார். அவ்வினா அவரையின் வேருக்கும் எலியின் எலும்புக்கும் பொதுவாக இருந்தது. துறைகளின் வேலி நம் கல்லூரிக் கால அட்டவணைக்குத் தேவையாகலாம். அணுவுக்கு அது தெரியாது.

குறியாகப் பயன்படும் கதிரே, அளவு மிகுந்தால் உயிரணுவைக் கொல்லும் படையாகவும் ஆகிறது. 1936இல் கலிபோர்னியாவில் ஜான் லாரன்ஸ் என்ற மருத்துவர், கதிர்வீசும் பாஸ்பரத்தை இரத்தப் புற்றுநோயாளிக்கு மருந்தாகவே கொடுத்தார். 1941இல் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ், கதிர்வீசும் அயோடினைக் கொண்டு தைராய்டுச் சுரப்பியின் மிகை இயக்கத்துக்குச் சிகிச்சை செய்தார். தைராய்டு அயோடினை ஆவலோடு இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகையால் மருந்து தானே உரிய இடம் தேடிச் செல்கிறது. எட்டு நாளில் பாதியாகக் குறையும் அயோடின்-131ஐச் சிறிய அளவில் கொடுத்தால் சுரப்பியின் படம் கிடைக்கும். பெரிய அளவில் கொடுத்தால் நோயுற்ற பகுதி அழியும். படமெடுப்பதும் சிகிச்சை செய்வதும் ஒரே அணுவின் இரு தொழில்களாயின. ஹெவெசி தாமும் 1940களில் சுவீடன் நாட்டு அறிஞர் ஹான்ஸ் வான் ஆய்லருடன் சேர்ந்து, எலியின் புற்றுக்கட்டியில் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, உயிரணுவின் கருவிலுள்ள நியூக்ளிக் அமிலம் புதிதாக உண்டாவது பெரிதும் குன்றுவதைக் குறியிட்ட பாஸ்பரத்தால் கண்டார். கதிர்ச் சிகிச்சை எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு அது ஒரு திறவுகோல். ரசாயனத்தில் 1943ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பரிசு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1940இல் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனுள் நுழைந்தபோது, லௌவே, பிராங்க் என்ற இரு ஜெர்மன் அறிஞர்களின் நோபல் தங்கப் பதக்கங்கள் போரின் நிலையத்தில் இருந்தன. ஹெவெசி அவற்றை இராஜத் திராவகத்தில் கரைத்து, அலமாரியில் ஒரு புட்டியாக வைத்துவிட்டார். தேடி வந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. போர் முடிந்தபின் அக்கரைசலிலிருந்து தங்கம் மீட்கப்பெற்று, மீண்டும் பதக்கங்களாக வார்க்கப்பட்டது.

இனிக் காட்டுக்கு வருவோம். ஒரு செடியைத் தொடர்ந்த முறை ஒரு வனத்தையே தொடரவும் உதவிற்று. 1962இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் என்னும் இடத்தில், டூலிப் மரங்களின் அடித்தண்டில் சீசியம்-137ஐச் செலுத்தினார்கள். அது இலைக்கு ஏறுவதையும், மழைநீரோடு கழுவப்பட்டு மண்ணுக்கு இறங்குவதையும், உதிர்ந்த சருகிலிருந்து பூச்சிகளுக்குச் செல்வதையும் அளந்தார்கள். 1961 முதல் புரூக்ஹேவனில் உட்வெல் என்பவர் செய்தது வேறு வகை. ஓக் மரமும் பைன் மரமும் கலந்த ஒரு காட்டின் நடுவே, கதிர்வீசும் சீசியத்தை ஒரு விளக்கைப் போல நிறுத்தினார். பைன் மரங்கள் முதலில் மடிந்தன. ஓக் மரங்கள் சற்றுத் தாங்கின. இன்னும் நெருக்கத்தில் கோரை இனம் பிழைத்திருந்தது. அதற்கும் உள்ளே பாசிகள் மட்டுமே எஞ்சின. ஒரே கதிரை ஓர் உயிர் தாங்குவதும் ஓர் உயிர் தாங்காததும் காட்டில் வட்டம் வட்டமாகக் கண்ணுக்குத் தெரிந்தது. புற்றுத் திசுவையும் நல்ல திசுவையும் வேறுபடுத்தி அடிக்க முயலும் கதிர்ச் சிகிச்சையாளரின் கவலையும் இத்தகையதே.

முப்பது ஆண்டில்தான் பாதியாகக் குறையும் சீசியத்தைக் காட்டில் விடுவதற்கு இன்று எளிதில் மனம் வராது. கதிரே வீசாத, எடையில் மட்டும் வேறுபட்ட கார்பன்-13, நைட்ரஜன்-15 ஆகியவற்றையே தாவரச் சூழலியலார் பெரிதும் நாடுகின்றனர். கதிர்வீசும் அணு வேண்டுமாயின், விரைவில் மறையும் கார்பன்-11 இருக்கிறது; இருபது நிமிடத்தில் அது பாதியாகும். அந்தக் கார்பன் அடங்கிய காற்றை இலைக்கு ஊட்டி, மருத்துவமனைகளில் புற்றுநோயைத் தேடும் பாசிட்ரான் படக்கருவியைப் போன்ற ஒன்றினுள் தொட்டியோடு செடியை வைக்கிறார்கள். இலை சமைத்த சர்க்கரை தண்டின் வழியே இறங்கி, மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேரின் நுனிக்குச் செல்வது திரையில் தெரிகிறது. ஹெவெசி தம் செடியை எரித்துச் சாம்பலைத்தான் அளந்தார். இந்தச் செடியையோ, படம் எடுத்தபின் மீண்டும் வெயிலில் கொண்டுபோய் வைக்கலாம்.