‘ஓம்’ என்ற ஒற்றைச் சொல்



இலக்கியத்துக்கென ஒதுக்கிய இந்த நேரத்திலே ஒரு நூலைப் பற்றியோ ஒரு புலவரைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது சொல் குறைந்துபோன ஒருவனைப் பற்றி. அவன் என் தம்பி. சொல்லின் அழகைப் பற்றிக் கிழமைதோறும் பேசுகிற ஒரு தொடரிலே, சொல் வராமற் போவதைப் பற்றியும் ஒருநாள் பேசினாற் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் வந்து, வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து, குறிகட்டுவானிலே படகேற வேண்டும். கடல் குணமாக இருந்தால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். கல்லின்மேற் கல்லாகச் சுண்ணாம்பின்றி அடுக்கிய வேலிகளும், பனைகளும், கட்டாக்காலிக் குதிரைகளும் உள்ள ஊர். ஊரவர்கள் நல்ல கதைகாரர்கள்.

‘கதை’ என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். எங்கள் பக்கத்திலே ‘பேசினான்’ என்றால் ஏசினான் என்று பொருள். மற்றவர்கள் பேசுவது என்று சொல்வதை நாங்கள் ‘கதைத்தல்’ என்போம். நலம் விசாரிப்பதும் கதை, மீன் விலை கேட்பதும் கதை. ஒருவனோடு கோபமென்றால், “அவனோடை எனக்குக் கதை இல்லை” என்று சொல்லுவோம். ஆகவே, ஒருவன் கதையாமல் இருந்தால் எங்கள் மனதிலே முதலில் எழுவது, இவனுக்கு என்மேல் என்ன கோபம் என்ற கேள்விதான். என் தம்பியின் விஷயத்தில் நான் பல வருடங்கள் பிழை விட்டதற்கு இந்த ஒரு சொல்வழக்கும் காரணம்.

அவன் வாசிகசாலையிலே பத்திரிகையை உரத்து வாசிக்கிறவன். கண் தெரியாத முதியவர்கள் அவன் வரும்வரை வாங்கிலே காத்திருப்பார்கள். வாசிப்பதோடு நிற்கமாட்டான், அமைச்சர்கள் கதைப்பதைப் போலவே கதைத்தும் காட்டுவான். 1978இல் அவனுக்கு 22 வயது. அந்த வருடம்தான் பத்திரிகையிலே தன்னைப் பற்றி எழுதியிருக்கிறது என்று சொல்லத் தொடங்கினான். கல்வேலிக்கு அப்பால் நின்று ஆட்கள் தன்னைத் திட்டுகிறார்கள் என்றான். இரவிலே எழுந்துபோய் வேலிக் கல்லைப் பிரித்துப் பார்த்தான். நாங்களும் எல்லாரையும் போல முதலில் நூல் கட்டினோம், நேர்த்தி வைத்தோம். பிறகுதான் படகேற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். மனச்சிதைவு என்றார்கள். ஊசியும் குளிசையும் தந்தார்கள். சில மாதங்களில் வேலிக்கு அப்பாலிருந்த குரல்கள் ஓய்ந்தன. அதோடு அவனுடைய குரலும் ஓய்ந்தது.

“தம்பி, சாப்பிட்டனியோ?”

“ஓம்.”

“என்ன கறி?”

“மீன்.”

“என்ன மீன்?”

விடை வராது. முகத்தைப் பார்த்தால் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சில நாட்களில் சாப்பிடாமலே ‘ஓம்’ என்றிருப்பான். அந்த ‘ஓம்’ கேள்விக்கு விடையல்ல, கேள்வியை முடித்துவைப்பதற்கான ஒரு சத்தம் என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் விளங்கியது.

ஊரார் என்ன சொன்னார்கள்? “இப்ப நல்லா அடங்கிட்டான், பிரச்சினை இல்லை.” மாதாந்தம் கிளினிக்குக்குப் போனால், குரல் கேட்கிறதா என்று கேட்பார்கள், “இல்லை” என்பான், துண்டிலே மருந்து எழுதித் தருவார்கள். சத்தம் போடுகிறவனை நாலுபேர் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடுகிறோம். சத்தமில்லாமல் இருப்பவனைக் குணமானவன் என்று எழுதிவிடுகிறோம். எங்கள் வீட்டிலே நடந்தது இதுதான். பல வீடுகளிலும் இதுவே நடக்கிறது என்று பிறகு அறிந்தேன்.

நானோ ஆசிரியன். கேள்வி கேட்டால் மூன்று செக்கனிலே விடை வரவேண்டும் என்று பழகியவன். “வாயிலே என்ன கொழுக்கட்டையோ?” என்று அவனைக் கேட்டிருக்கிறேன். விருந்தினர் முன்னிலையிலும் கேட்டிருக்கிறேன். ஒருநாள் கையும் ஓங்கினேன்.

மருத்துவ நூல்கள் இந்த நோயின் குறிகளை இரண்டாகப் பிரிக்கின்றன. இல்லாத குரல் கேட்பதும், இல்லாததை நம்புவதும் புதிதாக வந்து சேர்பவை. பேச்சும், முகபாவமும், எதையேனும் செய்யத் தொடங்கும் முனைப்பும் குறைவது, இருந்தவை கழிந்துபோவது. இந்த நோய்க்கு 1908இல் இன்றைய மேனாட்டுப் பெயரை வைத்த சுவிற்சர்லாந்து வைத்தியர் புளொய்லர் காலத்திலேயே இது தெரிந்துதான் இருந்தது. 1980களில் நான்சி அன்றியாசன் என்ற அமெரிக்க வைத்தியர் இந்தக் குறைவுகளை அளந்து பார்ப்பதற்கு ஓர் அளவுகோலே வகுத்தார். பேச்சுக் குறைவிலும் இரு வகை உண்டென்று அவர் காட்டினார். ஒன்று, ஒற்றைச் சொல்லோடு நின்றுபோவது. மற்றது, நிறையக் கதைத்தும் சேதி எதுவும் சொல்லாமற் போவது. (பின்னையது நோயில்லாத மேடைகளிலும் உண்டு என்று நீங்கள் சிரிக்கக்கூடும்.)

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. ஆனால் ஒரு சிறு சோதனை எனக்குப் பலதை விளக்கியது. ஒரு நிமிடத்திலே எத்தனை மிருகங்களின் பெயரைச் சொல்ல முடியும் என்று கேட்பார்கள். இந்த நோயுள்ளவர்கள் பெரும்பாலும் மற்றவர்களைவிடக் குறைவாகவே சொல்வார்கள். வீட்டிலே நான் மிருகங்களை விட்டு மீனைக் கேட்டேன். தீவான் அல்லவா! “சூடை... பாரை...” அதோடு நின்றுவிட்டான். “முள்ளுக் குத்தினால் கடுக்கிற மீன்?” என்று கேட்டேன். “திருக்கை” என்றான். சற்றுப் பொறுத்து, நான் கேளாமலே, “ஓரா” என்றான். இரண்டும் கடுக்கிறவைதான். சொற்கள் உள்ளேதான் இருந்தன. கிணற்றிலே தண்ணீர் இருக்கிறது, துலாதான் இறங்க மறுக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

உணர்ச்சியின் கதையும் இதுவே. 1988இல் எங்கள் அம்மா செத்துப்போனா. செத்தவீட்டிலே பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். இவன் வேலியடியிலே குந்தியிருக்கிறான். கண்ணிலே ஒரு துளி இல்லை. “பெத்த தாய்க்கு அழாதவன்” என்று உறவிலே ஒரு மூத்தவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அவரை நான் மறுத்துச் சொல்லவில்லை. அம்மா இரவிலே தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துக்கொண்டு படுக்கிறவ. அந்தியேட்டி முடிந்து சில நாட்களின் பின் என் மனைவி ஒன்றைக் கவனித்தா. ஒவ்வொரு பின்னேரமும் இவன் கிணற்றிலே அள்ளி அந்தச் செம்பை நிறைத்து, ஆளில்லாத கட்டிலின் தலைமாட்டிலே வைக்கிறான். காலையில் அதைக் கொண்டுபோய்ச் செவ்வரத்தை மரத்துக்கு ஊற்றுகிறான். யாரும் சொல்லிச் செய்தது அல்ல. ஒரு வருடத்துக்கு மேல் அப்படிச் செய்தான்.

1990களில் அமெரிக்காவிலே ஆன் கிறிங் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த நோயுள்ளவர்களுக்குச் சோகமும் சிரிப்பும் பயமும் ஊட்டும் திரைப்படத் துண்டுகளைக் காட்டி, ஒரு பக்கம் அவர்களின் முகத்தையும், மறுபக்கம் தாம் உணர்ந்ததாக அவர்களே சொன்னதையும் ஒப்பிட்டார்கள். முகத்திலே தெரிந்தது மற்றவர்களைவிடக் குறைவு. உள்ளே உணர்ந்ததிலோ அப்படிக் குறைவில்லை. இதை வாசித்த அன்று நான் அந்தச் செம்பை நினைத்தேன். அந்த மூத்தவர் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன்.

இலக்கிய நேயர்களுக்கு இந்த இடத்தில் ஜெர்மானியக் கவிஞர் ஹோல்டர்லினைச் சொல்லாமற் போக முடியாது. 1806இலே மனம் குழம்பி, டியூபிங்கன் நகரிலே ஒரு சிகிச்சை மனையிற் சேர்க்கப்பட்டார். இனி மூன்று வருடம் தாண்டமாட்டார் என்று சொல்லி 1807இல் அனுப்பிவிட்டார்கள். அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனவர் ஓர் உறவினரல்ல; சிம்மர் என்ற தச்சர். அந்தத் தச்சர் இவருடைய நாவலை வாசித்திருந்தார், அவ்வளவுதான் உறவு. நெக்கார் ஆற்றங்கரையில் அந்த வீட்டுக் கோபுர அறையிலே கவிஞர் 36 வருடம், 1843இலே சாகும்வரை இருந்தார். சிம்மர் 1838இல் இறந்தபின் அவருடைய மகள் லொட்டே பார்த்துக்கொண்டா. பிற்கால வைத்தியர்கள் பலர் அவருடைய நோயை மனச்சிதைவு என்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. அவர் முற்றாக ஊமையாகிவிடவில்லை. வந்தவர்களை மகாராசா என்றெல்லாம் பட்டம் சொல்லி அழைத்து எட்டத்தில் வைத்துக்கொள்வாராம். ‘பல்லாக்ஷ்’ என்று தானே ஆக்கிய ஒரு சொல் வைத்திருந்தார். அது சிலவேளை ‘ஆம்’, சிலவேளை ‘இல்லை’. என் தம்பியின் ‘ஓம்’ எனக்கு அங்கே கேட்டது.

1812இல் ஒருநாள், கவிஞர் ஒரு கோயிலின் படத்தைப் பார்த்துவிட்டு, அதைப்போல மரத்திலே ஒன்று செய்து தரும்படி தச்சரிடம் கேட்டார். எனக்குச் சோற்றுக்கு வேலை செய்யவேண்டியிருக்கிறதே என்று தச்சர் சொன்னார். உடனே கவிஞர் பென்சிலை எடுத்து, அங்கே கிடந்த பலகையிலே நாலு வரிக் கவிதை எழுதிக் கொடுத்தார். இதைச் சிம்மரே கவிஞரின் தாய்க்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பட்டறையிலே, வேலை நடந்துகொண்டிருக்கும்போது, யாரும் கவிதை கேட்காத நேரத்திலே வந்த வரிகள் அவை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஏதோ கொஞ்சம் திறந்தது. திறந்த விதத்தைச் சொல்லுகிறேன். கேள்வியைக் குறைத்தேன். “இன்றைக்கு என்ன செய்தாய்?” போன்ற அகலக் கேள்விகளை விட்டுவிட்டு, “கஞ்சியோ, சோறோ?” என்று இரண்டைக் காட்டிக் கேட்டேன். கேட்டபின் மனதுக்குள்ளே இருபது எண்ணினேன். ஓர் ஆசிரியனுக்கு இருபது எண்ணுவது எவ்வளவு கடினம் என்று மற்ற ஆசிரியர்களுக்குத் தெரியும். அவனுக்காக நான் விடை சொல்வதை நிறுத்தினேன். எதிரே இருத்திக் கேட்பதைவிடப் பக்கத்திலிருந்து கிடுகு பின்னுவது நல்லது என்று கண்டேன். கண்ணை நேரே பார்க்கவேண்டியதில்லை அல்லவா. நான் என் பாட்டுக்கு ஊர்ப் புதினம் சொல்லுவேன், விடை எதிர்பாரேன். ஒரு பின்னேரம் வேலி அடைத்துக்கொண்டிருக்கையில், இரண்டு மணித்தியாலம் ஒன்றும் கதையாதவன், கையை நிறுத்தி, “சோளகம் பெயருது, அண்ணை” என்றான். மறுநாள் படகு ஓடவில்லை.

லண்டனிலே ஜோர்ஜ் பிறவுண் என்ற ஆய்வாளர் 1950களின் கடைசியிலிருந்து கண்டுகொண்டது இதற்கு உறவான ஒன்று. குறைகூறலும் கடிதலும் மிகுந்த வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு நோய் மீண்டும் எழுவது அதிகம். பிறகு சண்டிகாரிலே பார்த்தபோது, அங்குள்ள குடும்பங்களிலே அந்தக் குறைகூறல் லண்டனைவிடக் குறைவாக இருந்தது என்று 1987இல் எழுதினார்கள். எங்கள் வீடு அந்தச் சண்டிகார் வீடுகளில் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எல்லா மௌனமும் இந்த நோய் அல்ல. 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகிலே நடந்த படுகொலையின் பின், எங்கள் ஊரிலே கதை நின்றுபோன வீடுகள் பல. அது துயரத்தின் வாயடைப்பு. அதற்கு வேறு விதமான ஆற்றுப்படுத்தல் வேண்டும். வைத்தியர் தயா சோமசுந்தரம் 1993இல் ‘மனவடு’ நூலை எழுதியது போர் உண்டாக்கிய அத்தகைய காயங்களைப் பற்றித்தான். மனச்சிதைவு உள்ளவருக்கும் மனச்சோர்வு வரலாம், காது மந்தமாகலாம், மருந்தே உடம்பை விறைக்கச் செய்து முகத்தையும் நாவையும் மந்தமாக்கலாம். இவை திருத்தக்கூடியவை. ஆகையால் “குரல் கேட்கிறதில்லை” என்று சொல்வதோடு நில்லாமல், “கதையும் குறைஞ்சு போச்சு, ஐயா” என்றும் வைத்தியரிடம் வீட்டார்தான் சொல்லவேண்டும், நோயாளி சொல்லமாட்டார். மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கடல் மூடிக்கிடந்த ஒரு காலத்திலே மருந்து இல்லாமல் நாங்கள் பட்டபாடு எனக்குத் தெரியும். வேலிக்கு அப்பால் அந்த ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். திடீரென்று ஒருவர் முற்றாகப் பேச்சடங்கி, உண்ணாமல், குடியாமல், வைத்த இடத்திலே சிலைபோல இருந்தால் அது பொறுத்துப் பார்க்கும் விஷயமல்ல. அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

பேச்சுக் குறைவுக்கென்று நேரே வேலை செய்கிற மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. குரல்களை அடக்குகிற மருந்துகள் இதிலே பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தம்பி இப்போது எழுபதை நெருங்குகிறான். வாசிகசாலைக்குப் போவான், பத்திரிகையை விரித்து வைத்திருப்பான், உரத்து வாசிப்பதில்லை.

இந்த உரைக்கு வரமுன் அவனிடம் கேட்டேன். முற்றத்திலே இரண்டுபேரும் ஓலை வார்ந்துகொண்டிருந்தோம்.

“தம்பி, உன்னைப் பற்றி றேடியோவிலை கதைக்கட்டோ, வேண்டாமோ?”

இருபது எண்ணினேன். விடை வரவில்லை. இன்னொரு இருபது எண்ணினேன். ஓலையின் ஈர்க்கை உரித்துப் பக்கத்திலே வைத்துவிட்டு, நான் காட்டிய இரண்டிலே ஒன்றையும் எடுக்காமல், “பேர் வேண்டாம்” என்றான்.

அதனால்தான் பெயர் சொல்லவில்லை.