தட்டுக்கு நடுவே விழும் ஓசை

உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வந்து வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் சிலர், நடுவயது கடந்தபின் ஏதேனும் ஒரு கலையைக் கற்க முற்படுவதுண்டு. நாமும் முற்பட்டோம். ஆயின் வீணையையோ வாய்ப்பாட்டையோ நாடாமல், ஜாஸ் என்னும் மேனாட்டு இசையை நாடினோம். மத்திய அரசு அலுவலகத்தில் ஆங்கிலச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது நம் தொழில், வயது 46, வாசம் பெங்களூர் லிங்கராஜபுரம். இவற்றுள் ஒன்றேனும் ஜாஸுக்கு உதவுகிற தகுதியன்று.

காரணம் நம் மகள். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த அவள், கல்லூரி வாத்தியக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறாள். நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் விடை வரும். ஆண்டுக்கு ஆண்டு அந்த விடையும் சுருங்கி வந்தது. அவள் வாசிப்பதையாவது விளங்கிக்கொள்வோம் என்று, அடுத்த தெருவில் வாழும் முதியவர் ஒருவரை அணுகினோம். முன்னாளில் கண்டோன்மென்ட் பகுதி நடன விடுதிகளில் பியானோ வாசித்தவர் அவர்.

"காலால் நான்கு எண்ணித் தட்டுங்கள்" என்றார். தட்டினோம். "காலை நிறுத்தாமல், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே கை தட்டுங்கள்" என்றார். அங்கேதான் வந்தது வினை. கை நடுவே விழுந்தால் கால் அதன் பின்னே ஓடியது. காலைப் பிடித்து நிறுத்தினால் கை தட்டின்மீதே போய் விழுந்தது. மூன்று வாரம் இதே கதை. மேம்பாலத்தடியில் இரயில் போகும் ஓசைக்குக்கூடக் கால் தாளம் போடும்; கை மட்டும் இணங்காது.

சிங்கோபேஷன் என்பது இதுவே. அழுத்தம் விழும் என்று செவி எதிர்பார்க்கும் இடத்தை வெறுமையாக விட்டு, எதிர்பாராத இடத்தில் அழுத்துவது. ஆனால் அந்த வெறுமை கேட்பவருக்குப் புலப்பட வேண்டுமாயின், தட்டு உள்ளத்தில் ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். தட்டு நின்றுவிட்டால் எஞ்சுவது தடுமாற்றமே. ஸ்காட் ஜாப்லினின் 'மேப்பிள் லீஃப் ராக்' 1899இல் அச்சானது. ஜாஸுக்கு முன்னோடியான ராக்டைம் வகையைச் சேர்ந்தது. அதில் இடக்கை கடிகாரம்போல் நடக்க, வலக்கை அதன் இடைவெளிகளில் புகுந்து விளையாடுவதைக் கேட்கலாம். நமக்கு வாய்த்த இரு கைகளும் அந்நாளில் இடக்கைகளாகவே இருந்தன!

வழி பிறந்தது ஊரிலிருந்து வந்திருந்த நம் தாயாரால். நம் அவதியைக் கண்டு, "தகிட தகிட தக என்று சொல்லிப் பாரேன்" என்றார். சிறு வயதில் இரண்டாண்டு பாட்டுக் கற்று விட்டுவிட்டவர்கள் நாம். ஒரு தட்டுக்கு இரண்டு அட்சரமாக நான்கு தட்டுக்கு எட்டு அட்சரம். மூன்றும் மூன்றும் இரண்டும் எட்டு அல்லவா? முதல் 'த' முதல் தட்டில் விழும். இரண்டாவது 'தகிட'வின் தொடக்கம் இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவே விழும். 'தக' நான்காம் தட்டில் வந்து சேரும். இவற்றுள் முதல் இரண்டு அழுத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டால், ஜேம்ஸ் பி. ஜான்சன் 1923இல் புகழ்பெறச் செய்த சார்ல்ஸ்டன் நடனத்தின் நடை கிடைக்கிறது. இதைச் சொல்லிக் காட்டியபோது முதியவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

இதனால் "எல்லாம் நம்மிடம் முன்பே உண்டு" என்று மார்தட்டுவோர் கட்சியில் நாம் சேரவில்லை. நம் சங்கீதத்தில் அனாகத எடுப்பு உண்டு. தாளம் தொடங்கியபின் பாட்டு தொடங்கும். அதீத எடுப்பில் பாட்டு முந்திக்கொள்ளும். ஆயினும் எடுப்பு என்பது பாட்டு புறப்படும் இடம். ஜாஸிலோ அழுத்தம் வழியெல்லாம் இடம் பெயர்ந்துகொண்டே போகிறது. அன்றியும், எழுத்தில் சரிபாதியாகக் காணும் இரண்டு ஸ்வரங்களில் முன்னதைச் சற்று நீட்டிப் பின்னதைக் குறுக்கி வாசிக்கும் ஸ்விங் என்னும் அசைவை எந்தக் கணக்காலும் முழுதும் பிடிக்க இயலாது. அமெரிக்க நாட்டில் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் உருவாக்கிய கலை அது. அவர்களுக்குரிய பெருமையை அவர்களுக்கே விட்டுவிடுதல் நன்று.

ஆனால் இரு மரபினரும் சந்தித்துக் கைகுலுக்கியதுண்டு. நம் பெங்களூரிலேயே டி.ஏ.எஸ். மணி 1964இல் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியை நிறுவினார். அவருடைய குழுவும், பாடகி ஆர்.ஏ. ராமமணியும், அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவும் சேர்ந்து 1983இல் 'ஜோதி' என்னும் இசைத்தட்டைப் பதிவு செய்தனர். மரியானோ நாகசுரமும் பயின்றவர். அவர் நம் வாத்தியத்தைக் கையில் எடுத்தபோது பட்ட பாட்டை எண்ணி, நாம் ஆறுதல் கொள்வதுண்டு.

சென்ற மாதம் ஓர் இரவு மகள் வாசித்துக்கொண்டிருக்கையில், கதவோரம் நின்று இடைத்தட்டுகளில் கை தட்டினோம். எட்டுச் சுற்று நிலைத்தது. ஒன்பதாவதில் கால் நின்றுவிட்டது. அவள் திரும்பாமலே, "அப்பா, காலை நிறுத்தாதீங்க" என்றாள், தமிழில். பிறகு, வாயில் என்ன முணுமுணுக்கிறீர்கள் என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தோம். பாட்டியிடமும் சென்று கேட்டு வந்தாள். 'தகிட' என்பதை இன்னமும் 'தக்கிட்டா' என்றே சொல்கிறாள். நாம் திருத்தவில்லை, அவளுடைய கை சரியான இடத்தில்தான் விழுகிறது.