நாறும் பூவும் நாற்றங்காலும்

திருவில்லிபுத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தாலும் எவ்வூர் வந்தது என்பதை மூக்கே சொல்லிவிடும். முன்னதில் துளசியும் பூமாலையும் பால்கோவாவும். பின்னதில் அச்சு மையும் வெடிமருந்தும். இவ்விரு மணங்களுக்கும் நடுவே 30 ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பணி ஆற்றி ஓய்வு பெற்றவன் நான். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது 'நாறு' என்னும் சிறிய வினைச்சொல். இதுவும் வானொலியில் பேசத் தகும் சொல்லா என்று தங்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்தச் சுளிப்பைப் பற்றியதே இப்பேச்சு.

இன்று 'நாறுகிறது' என்றால் நமக்கு ஒரே பொருள்தான். சாக்கடை நாறும்; அழுகிய காய் நாறும். பூ நாறுகிறது என்று ஒருவர் சொன்னால், அது வாடி அழுகிவிட்டது என்றே கொள்வோம். பண்டைத் தமிழில் அப்படியன்று. திருவள்ளுவர் ஐம்புலன்களை எண்ணுமிடத்தில், மூக்கால் அறியப்படுவதனை 'நாற்றம்' என்ற சொல்லாலேயே குறித்தார். மொட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் இனிய மணத்துக்கும் அவர் ஆண்ட சொல் அதுவே. தாம் கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துரைக்க மாட்டாதவரை, கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத பூவுக்கு அவர் ஒப்பிடுகின்றார். அக்குறளில் அந்தப் பூவுக்கு அவர் தரும் அடைமொழி 'நாறா' என்பதே. நாறாமை அங்கே குறை. நாறுதலே மலருக்கு அழகு.

இடைக்காலத்துக்கு வருவோம். நம் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள், திருப்பாவையின் பத்தாம் பாசுரத்தில் திருமாலின் முடியிலுள்ள துளசியின் நறுமணத்தை 'நாற்றம்' என்றே பாடினாள். நாச்சியார் திருமொழியில் வெண்சங்கை விளித்துக் கண்ணனின் வாய்மணம் எத்தகையது என்று அவள் ஆவலோடு வினவுமிடத்திலும் இவ்வினையே நிற்கின்றது. இன்றைய காதோடு கேட்பவர் திடுக்கிடுவர். ஆனால் அவள் காலத்தில், இறைவனின் வாய் நாறும் என்பதைவிட இனிமையாக ஒரு பக்தையால் சொல்ல முடிந்திராது.

இவ்வினைக்கு இன்னொரு பொருளும் உண்டு. தோன்றுதல், முளைத்தல், பிறத்தல் என்பன அவை. உழவர் நாற்றங்காலில் விதை பாவி, நாற்றுப் பறித்து வயலில் நடுகின்றனரே, அந்த 'நாற்று' என்னும் பெயர் இவ்வினையிலிருந்து பிறந்ததுதான். நாறுவது நாற்று, முளைப்பது என்பது பொருள். தெலுங்கரும் நாற்றினை 'நாரு' என்பர். மலையாளத்தார் 'ஞாறு' என்பர். மணத்தைக் குறித்த நாற்றம் இழிந்து போயிற்று. முளையைக் குறித்த நாற்று இழியவில்லை. நெல் நாற்றையும் கத்தரி நாற்றையும் மிளகாய் நாற்றையும் கையில் ஏந்தி நிற்கும் எந்த உழவரும் அச்சொல்லைக் கேட்டு மூக்கைப் பொத்துவதில்லை.

மணப்பொருளும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. திருநெல்வேலிச் சீமையில், தாமிரவருணிக் கரையில் திருப்புடைமருதூர் என்னும் தலம் உள்ளது. அங்கே கோயில் கொண்டுள்ள சிவபெருமானின் திருநாமம் நாறும்பூநாதர். வெள்ளம் பெருகிய ஆற்றின் மறுகரையில் நின்று கருவூர்ச் சித்தர் அப்பெயர் சொல்லி அழைக்க, அவ்வழைப்பைக் கேட்க இறைவன் தலை சாய்த்தார் என்பது அவ்வூரார் வழங்கும் கதை. நெல்லைப் பகுதியில் பிள்ளைகளுக்கு நாறும்பூநாதன் என்று பெயரிடுவது இன்றும் உண்டு. பள்ளிப் பதிவேட்டில் அப்பெயரை வாசிக்கும்போதெல்லாம் புதிய மாணவர்கள் சிரிப்பார்கள். ஓராயிரம் ஆண்டு முதுமையுடைய தமிழ் தங்கள் வகுப்பில் வந்து அமர்ந்திருக்கின்றது என்பதை அவர்கள் அறியார்.

இனி, இச்சொல் ஏன் இழிந்தது? உயர்ந்த பொருளோ நடுநிலையான பொருளோ உடைய சொல் தாழ்ந்த பொருளுக்கு இறங்குவதை மொழிநூலார் இழிபொருட்பேறு என்பர். அதற்குக் காரணமாக எனக்குத் தோன்றுவதற்கு, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலிலேயே குறிப்பு உள்ளது. இடக்கரடக்கல் என்றொரு வழக்கை அவர் கூறுகின்றார்; அவையிற் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது அது. தீய மணத்துக்குத் தமிழில் முடை, புலவு என்னும் சொற்கள் இருந்தன. அவற்றைச் சொல்லக் கூசியவர், நன்மைக்கும் தீமைக்கும் பொதுவான நாற்றம் என்னும் சொல்லால் நாகரிகமாக மறைத்தனர். மறைக்கப் போர்த்திய துணியே நாளடைவில் அழுக்காகிவிட்டது. அழுக்கைப் போர்த்தியதன்றித் துணி செய்த பிழை ஒன்றுமில்லை. 'துர்நாற்றம்' என்று நாம் இன்றும் சொல்கிறோம் அல்லவா? 'துர்' என்னும் முன்னொட்டு ஒன்றைச் சேர்த்தாலன்றித் தீய மணம் ஆகாதிருந்த காலத்துக்கு அதுவே சான்று.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கன்னடத்திலும் மலையாளத்திலும் இவ்வினை இன்று தீய மணத்தையே குறிக்கின்றது. ஆங்கிலத்தில் 'ஸ்டிங்க்' என்றொரு வினை உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் நறுமலரும் நறும்புகையும் அவ்வினையைக் கொண்டே மணந்தன. பின்னர் அது மெல்ல இழிந்து, அழுகல் மணம் ஒன்றுக்கே உரியதாயிற்று. அதன் இடத்தைப் பெற்றது, 12ஆம் நூற்றாண்டளவில் எழுத்தில் தலைகாட்டிய 'ஸ்மெல்' என்னும் சொல். அச்சொல்லையும் நாம் விட்டோமா? 'ஸ்மெல் அடிக்கிறது' என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சொன்னால் என்ன பொருள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 'ஆகா, மணக்கிறது!' என்று ஏளனமாகச் சொல்லும் வழக்கமும் வந்துவிட்டது. மணமும் ஒருநாள் நாற்றத்தின் வழியே செல்லக்கூடும்.

இவையெல்லாம் எனக்கு நூல்வழித் தெரிந்திருந்தன. ஆயினும் இச்சொல்லின் முழுப்பொருளை எனக்குக் கற்பித்தவன் ஒரு மாணவன்.

1990களின் தொடக்கம். சிவகாசியை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நான் தமிழாசிரியன். அவ்வகுப்பில் ஒரு மாணவனின் தந்தை பட்டாசு ஆலைத் தொழிலாளி. தாய் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுபவர். தந்தையின் பழைய சட்டையைத்தான் அவன் அணிந்து வருவான். எத்தனை முறை துவைத்தாலும் மருந்தின் நெடி அதை விட்டுப் போவதில்லை. ஒருநாள் பக்கத்தில் இருந்தவன் எழுந்து, "ஐயா, இவன் நாறுகிறான்" என்றான். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த நான் திரும்பிக்கூடப் பாராமல், "நாறினால் சன்னலோரம் போய் உட்காரச் சொல்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு கடைசிச் சன்னலோரம் போய் அமர்ந்தான்.

அவ்வாரமே நான் முன்னே சொன்ன திருக்குறள் பாடத்தில் வந்தது. நாறுதல் என்றால் மணம் வீசுதல், பண்டைக்காலத்தில் அது உயர்ந்த சொல் என்று நான் ஆர்வத்தோடு விளக்கினேன். சன்னலோரத்திலிருந்து அவன் எழுந்தான். "ஐயா, அப்படியானால் அன்று என்னை நாறுகிறான் என்றது மணக்கிறான் என்ற பொருளிலா?" என்று கேட்டான். பிள்ளைகள் மீண்டும் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை. குறும்பாகவும் அவன் கேட்கவில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

எனக்கு விடை வரவில்லை. கற்றதை உணர விரித்துரைக்க மாட்டாதவர் நாறாத மலர் என்று அப்போதுதான் பாடம் சொல்லியிருந்தேன். அந்த மலராக நின்றவன் நானே. மணி அடித்தது, வெளியேறிவிட்டேன்.

அன்றிரவு கந்தகம் என்னும் சொல்லைப் பற்றி எண்ணினேன். வடமொழியில் கந்தம் என்றால் மணம். அதிலிருந்து வந்தது கந்தகம். ஆண்டாள் திருப்பாவையின் பதினெட்டாம் பாசுரத்தில் கூந்தலின் நறுமணத்தைச் சொல்ல ஆண்டது அந்தக் கந்தம் என்னும் சொல்லே. திருவில்லிபுத்தூரில் கூந்தலில் கமழ்ந்த சொல் சிவகாசியில் வெடிமருந்தாகி இருக்கின்றது. தூய கந்தகத்துக்குப் பெரும்பாலும் மணமே இல்லை. எரியும்போது எழும் வாயுதான் மூக்கைத் துளைக்கின்றது. தீபாவளியன்று அதே நெடியை நாம் பண்டிகையின் மணம் என்று மகிழ்ந்து நுகர்கின்றோம். வாசலில் வந்தால் மகிழ்ச்சி; அதனை உருவாக்கியவரின் சட்டையில் வந்தால் சுளிப்பு. நெடி ஒன்றுதான், யாரிடமிருந்து வருகின்றது என்பதைப் பார்த்தே நம் மூக்கு தீர்ப்பளிக்கின்றது.

மறுநாள் வகுப்பில், அன்று நான் சொன்னது தவறு என்று எல்லார் முன்பும் கூறி, அவனைப் பழைய இடத்துக்கு வந்து அமருமாறு அழைத்தேன். அவன் சற்றே யோசித்து, "இங்கே நல்ல காற்று வருகிறது ஐயா, இங்கேயே இருக்கிறேன்" என்றான். ஆண்டு முடியும்வரை அங்கேயே இருந்தான். அவன் பக்கத்தில் அமரச் சிலர் தாமாகவே சென்றனர். அவர்களுள் முதற்கண் புகார் சொன்னவனும் ஒருவன்.

அன்பர்களே, நாறு என்னும் வினையைப் பழைய உயர்வுக்கு மீட்டுவிடலாம் என்று நான் கனவு காணவில்லை. ஒரு பூவைச் சுட்டி 'இது நாறுகிறது' என்று நாளை நான் சொன்னால், வீட்டார் அதனை எடுத்துக் குப்பையில் போடுவர். மக்கள் வழக்கை ஆசிரியர் ஆணையால் மாற்ற இயலாது. ஆயினும், சொல் இழிவதற்கு முன்னே மனிதரைப் பார்க்கும் நம் பார்வை இழிகின்றது என்பதை அறிந்திருப்பது நன்று. உழவர் கையில் சேறு மணக்கும்; மீனவர் உடலில் புலவு மணக்கும்; எங்கள் பகுதித் தொழிலாளர் உடையில் மருந்து மணக்கும். அவர்கள் பிள்ளைகள் வகுப்பறைக்கு வரும்போது, அவர்களைச் சன்னலோரம் அனுப்பும் முன், அவர்கள் நாற்றங்காலில் நிற்கும் நாற்றுகள் என்பதை ஆசிரியர்கள் ஒருகணம் எண்ணுவார்களாக.