ஏட்டில் உறங்கிய எச்சரிக்கை
(பதுளையில் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)

தோழர்களே! 2025 ஜனவரி 29 இரவு வொஷிங்டன் வானில் இராணுவ ஹெலிகொப்டரும் பயணிகள் விமானமும் மோதி 67 பேர் மாண்டனர். மறுநாளே ஜனாதிபதி ட்ரம்ப், பன்முக ஆட்சேர்ப்புக் கொள்கையே காரணமாகலாமென ஊகம் பேசினார். ஆராய்ந்தோர் கண்டது யாது? 2021 ஒக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அங்கே 85 தடவை ஹெலிகொப்டர்களும் விமானங்களும் மிக நெருங்கிப் பறந்தமை ஏட்டிலேயே பதிவாகியிருந்தது. ஆயினும் வழித்தடம் மாறவில்லை.

இக்கொடுமை நமக்குப் புதிதன்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்ட லயங்களை மண் மூடியது. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை எழுந்ததே! “ஏன் வெளியேறவில்லை?” என மாண்டாரையே பழித்தனர் சிலர். வெளியேறிக் குடியேறக் காணி ஏது? காணி தராத எச்சரிக்கை வெறுங் காகிதமே!